செய்தது, சோதித்தது, கணித்தது மூன்றும் ஒன்றுதானா? உலோக அணைவுச் சேர்மங்களை மருந்தாக ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்காட்டில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், ஆய்வேட்டில் ஆங்கிலம் என்று அவர்களுடைய நாள் ஓடுகிறது. முதுகலை இறுதியாண்டில் ஆய்வுத் திட்டம் என்றதும் பலரும் தேர்ந்தெடுப்பது உலோக அணைவுச் சேர்மங்களைத்தான், அதாவது நடுவில் ஓர் உலோகமும் அதைப் பற்றிக்கொள்ளும் 'ஈனி' என்ற மூலக்கூறும் சேர்ந்த சேர்மங்களை. பெரிய கருவி இல்லாமல் செய்யலாம், கண்ணுக்கு நிறம் தெரியும், செலவு குறைவு. "டீச்சர், எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டு ஒவ்வோர் ஆண்டும் என் மேசையருகே வந்து நிற்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன்.

முதலில் என் கதை ஒன்று. மாணவியாக இருந்தபோது நான் செய்த தாமிரச் சேர்மம் பாக்டீரியாத் தட்டில் அழகான தடுப்பு வளையம், அதாவது கிருமி வளராத வட்டம், காட்டியது. அன்று இரவு உறக்கம் வரவில்லை. மருந்து கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தேன். சில மாதங்கள் கழித்து, ஈனி எதுவும் சேர்க்காத வெறும் காப்பர் அசிடேட்டை அதே தட்டில் வைத்துப் பார்த்தேன். ஏறத்தாழ அதே அளவு வளையம் வந்தது. செம்புக் குடத்து நீரில் கிருமி தங்காது என்பதை நம் வீடுகளில் அறியாதவர் யார்? நான் அளந்தது அந்தச் செம்பின் குணத்தை. என் சேர்மம் அந்தத் தட்டில் இருந்ததா என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதிலிருந்து ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். குடுவையில் செய்த மூலக்கூறு, தட்டில் சோதித்த மூலக்கூறு, கணினியில் வரைந்த மூலக்கூறு மூன்றும் ஒன்றுதானா? கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான்.

தொடங்கும் முன்: சிஸ்பிளாட்டின் சொல்லும் பாடம்

இந்தத் துறையின் தாய் சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினச் சேர்மம். 1844இல் மிக்கேலே பெய்ரோனே அதைத் தயாரித்தார். 1893இல் ஆல்ஃபிரட் வெர்னர் அதன் அமைப்பை விளக்கினார். அதன்பின் எழுபது ஆண்டுகள் அது மருந்தாகும் என்று யாரும் நினைக்கவில்லை. 1960களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், மின்புலம் பாக்டீரியாவை என்ன செய்யும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஈ.கோலை செல்கள் பிரியாமல் நூல்போல நீண்டு வளர்ந்தன, இயல்பு நீளத்தைப்போல 300 மடங்கு வரை. மின்சாரம்தான் காரணம் என்று அவர் அங்கேயே நின்றிருந்தால் கதை முடிந்திருக்கும். பிளாட்டினம் மின்முனை சிறிது கரைந்து, கரைசலிலிருந்த அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்து புதிய சேர்மம் உருவாகியிருப்பதை அவர் குழு துருவிக் கண்டுபிடித்தது. 1965இல் முடிவை வெளியிட்டார்கள். 1978இல் அமெரிக்காவில் சிஸ்பிளாட்டின் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது. கரைசலில் உண்மையில் என்ன இருக்கிறது என்று கேட்டதால் பிறந்த மருந்து அது.

உடலுக்குள் போன பிறகும் அது உருமாறுகிறது. இரத்தத்தில் குளோரைடு செறிவு சுமார் 100 மில்லிமோலார் என்பதால் அங்கே சேர்மம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். செல்லுக்குள் குளோரைடு மிகவும் குறைவு. அங்கே ஒரு குளோரைடு விலகி, நீர் மூலக்கூறு அந்த இடத்தில் அமர்கிறது. அதன் பிறகே டிஎன்ஏவில் குவானினின் ஏழாம் எண் நைட்ரஜனைப் பிளாட்டினம் பற்றுகிறது. குப்பியில் இருப்பது மருந்தின் முன்வடிவம்தான். வேலை செய்வது வேறொன்று.

படி 1: உலோகத்தையும் ஈனியையும் காரணத்தோடு தேர்ந்தெடுங்கள்

தங்கச் சேர்மமான ஆரனோஃபின் 1985இல் மூட்டுவாதத்துக்கு அனுமதி பெற்றது. சில்வர் சல்ஃபாடையசின் தீக்காயத்துக்குப் பூசப்படுகிறது. எம்ஆர்ஐ எடுக்கும்போது ஏற்றும் மருந்துகளில் கடோலினியம் சேர்மங்கள் உண்டு. சிறிய கல்லூரி ஆய்வகத்தில் தாமிரம், நிக்கல், கோபால்ட், துத்தநாகம் ஆகிய நான்கும் கைக்கு எட்டுபவை. முதல் வேலைக்குத் தாமிரமே போதும்.

ஈனிக்கு ஷிஃப் காரம் நல்லது. ஹ்யூகோ ஷிஃப் 1864இல் விவரித்த வினை இது. ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்து நீரை இழந்து, கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பைத் தரும். இந்தக் கட்டுரைக்கு சாலிசிலால்டிஹைடும் எத்திலீன்டையமீனும் சேர்ந்து தரும் 'சாலென்' ஈனியை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன் என்று நான்கு இடங்களில் உலோகத்தைப் பற்றும். நான்கு விரல்களால் பிடித்தது போல இருப்பதால் எளிதில் கழன்றுவிடாது. இது பழைய சேர்மம், புதுமை கிடையாது. முதலில் இதைச் சரியாகச் செய்து பழகிவிட்டுப் பிறகு உங்கள் சொந்த ஈனிக்குப் போங்கள்.

படி 2: தயாரிப்பு

ஈனிக்கு: 2.44 கிராம் சாலிசிலால்டிஹைடை, அதாவது 20 மில்லிமோலை, 25 மில்லிலிட்டர் மெத்தனாலில் கரையுங்கள். கலக்கிக்கொண்டே 0.60 கிராம் எத்திலீன்டையமீனை, அதாவது 10 மில்லிமோலை, சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். உடனே மஞ்சளாகும், சிறிது நேரத்தில் மஞ்சள் படிகம் விழும். வடிகட்டி, குளிர்ந்த மெத்தனாலில் கழுவி உலர்த்துங்கள். கோட்பாட்டு விளைச்சல் 2.68 கிராம். உருகுநிலை 126 டிகிரி செல்சியஸை ஒட்டி, குறுகிய இடைவெளிக்குள் இருக்க வேண்டும். பரந்து விரிந்தால் மீண்டும் படிகமாக்குங்கள்.

சேர்மத்துக்கு: 1.34 கிராம் ஈனியைச் சூடான மெத்தனாலில் கரைத்து, 1.00 கிராம் காப்பர் அசிடேட் மோனோஹைட்ரேட்டைச் சூடான மெத்தனாலில் கரைத்து ஊற்றுங்கள். இரண்டுமே 5 மில்லிமோல். மீள்கொதிப்பில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் அடர்ந்த நிறத்தில் வீழ்படிவு வரும். ஈனியின் புரோட்டான்களை அசிடேட் எடுத்துக்கொள்வதால் தனியாகக் காரம் சேர்க்க வேண்டியதில்லை. முழு விளைச்சல் என்றால் 1.65 கிராம். கழுவும்போது வினைபுரியாத தாமிர உப்பு ஒரு துளியும் மிஞ்சக்கூடாது. பின்னால் தட்டில் பொய் சொல்லப்போவது அந்த மிச்சம்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். உலோகப் பெர்குளோரேட் உப்புகளைத் தொடாதீர்கள். கரிம ஈனியோடு சேர்ந்து உலர்ந்த நிலையில் அவை வெடிக்கக்கூடும். பழைய ஆய்வுக் கட்டுரைகளில் அந்த உப்பைப் பார்த்துவிட்டு மாணவர்கள் கேட்பதுண்டு, நான் அனுமதிப்பதில்லை. அடுத்தது ஈரம். ஜூன் மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்தால் எங்கள் ஆய்வகத்தில் துத்தநாகக் குளோரைடு புட்டியைத் திறந்த சில நிமிடங்களிலேயே கசிந்து ஒட்டும். உலர்கலத்தில் சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடை போடுங்கள். ஈரமான உப்பை எடைபோட்டால் மோல் விகிதமே தவறிவிடும்.

படி 3: செய்தது இதுதான் என்று நிறுவுங்கள்

தனிமப் பகுப்பாய்வுதான் முதல் சாட்சி. தாமிர-சாலெனுக்குக் கணக்கு: கார்பன் 58.26, ஹைட்ரஜன் 4.28, நைட்ரஜன் 8.49 விழுக்காடு. அளந்த மதிப்பு 0.4 விழுக்காட்டுக்குள் வர வேண்டும். வராவிட்டால் ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்துக் கணக்கைப் பொருத்திவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வெப்ப எடைப் பகுப்பாய்வில் அந்த நீர் வெளியேறுவதைக் காட்டிய பிறகுதான் அதை எழுத உங்களுக்கு உரிமை உண்டு. எங்கள் பக்கத்திலிருந்து இத்தகைய அளவீடுகளுக்குக் கொச்சியில் உள்ள நவீன பகுப்பாய்வு மையத்துக்கோ சென்னை ஐஐடிக்கோ மாதிரியை அனுப்புகிறோம். காத்திருக்கும் நாளையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

அகச்சிவப்பு நிறமாலையில் ஈனியின் இரட்டைப் பிணைப்பு 1635 செ.மீ.⁻¹ அருகே தெரியும். ஷிஃப் காரங்களில் உலோகம் பிணைந்ததும் இது பெரும்பாலும் பத்து முதல் இருபத்தைந்து வரை இறங்கும். எல்லாச் சேர்மத்திலும் இறங்கியே தீரும் என்பதில்லை, ஆகவே இதை ஒற்றைச் சாட்சியாக நிறுத்தாதீர்கள். 400 முதல் 600 வரை உலோக-ஆக்சிஜன், உலோக-நைட்ரஜன் அதிர்வுகள் வரும்.

காந்தத் திருப்புத்திறன், அதாவது சேர்மம் காந்தத்துக்கு எவ்வளவு ஈர்க்கப்படுகிறது என்பது, மலிவான, நேர்மையான அளவீடு. அதன் அலகு போர் மேக்னட்டான். தாமிரம்(2) அயனிக்கு இணையற்ற எலக்ட்ரான் ஒன்று. சுழற்சி மட்டும் கணக்கிட்டால் 1.73 போர் மேக்னட்டான், அளந்தால் அதைவிடச் சிறிது கூடுதலாக வரும். நிக்கல்-சாலென் தட்டைச் சதுரம் என்பதால் காந்தத்துக்கு ஈர்க்கப்படாது. நிக்கலுக்கு மூன்று போர் மேக்னட்டானை ஒட்டி வந்தால் வடிவம் வேறு என்று பொருள்.

மோலார் கடத்துதிறனை டிஎம்எஃப் கரைப்பானில் ஆயிரத்தில் ஒரு மோலார் செறிவில் அளந்தால், 65 முதல் 90 வரை வருவது ஒன்றுக்கு ஒன்று மின்பகுளி. தாமிர-சாலென் நடுநிலை மூலக்கூறு என்பதால் மிகக் குறைவாக வர வேண்டும். கூடுதலாக வந்தால் கழுவாத அசிடேட் உள்ளே இருக்கிறது.

ஒற்றைப் படிகம் கிடைத்தால் எக்ஸ்-கதிர் அமைப்பைவிட மேலான சான்று இல்லை. ஆனால் அதிலும் நம் கேள்வி மறையவில்லை. தாமிர-சாலென் படிகத்தில் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஒன்றின் ஆக்சிஜன் மற்றதன் தாமிரத்தை நீண்ட பிணைப்பால் எட்டித் தொடுகிறது. கரைசலில் அந்த இணை பிரிந்துவிடலாம். கணினியில் எதை வரையப்போகிறீர்கள் என்பதை இங்கேயே முடிவு செய்யுங்கள்.

படி 4: நிலைத்தன்மை, பலரும் தாண்டிப்போகும் படி

சேர்மத்தைச் சோதனைக்கு அனுப்பும் முன், அதை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, சோதனையில் பயன்படுத்தப்போகும் அதே வளர்ப்பு ஊடகத்தில் நீர்க்கச் செய்து, 0, 1, 4, 24, 48 மணி நேரத்தில் புறஊதா-கட்புல நிறமாலை எடுங்கள். வளைவு மாறாமல் இருந்தால் நல்லது. உச்சம் நகர்ந்தாலோ, அடித்தளம் மேலே எழுந்தாலோ, சேர்மம் சிதைகிறது அல்லது வீழ்படிகிறது. தாமிர-சாலென் நீரில் மிகக் குறைவாகவே கரையும். தெளிவாகத் தெரியும் குழியிலும் கண்ணுக்குத் தெரியாத துகள் மிதக்கலாம்.

டிஎம்எஸ்ஓவும் எப்போதும் அப்பாவி இல்லை. சிஸ்பிளாட்டினை அதில் கரைத்து வைத்தால் குளோரைடைத் தள்ளிவிட்டு அது பிளாட்டினத்தோடு பிணைந்துகொள்கிறது, மருந்தின் வீரியம் போகிறது. சிஸ்பிளாட்டினை ஒப்பீட்டு மருந்தாக வைப்பவர்கள் அதை உப்புநீரில் கரைக்க வேண்டும். டிஎம்எஸ்ஓவில் கரைத்த சிஸ்பிளாட்டினோடு ஒப்பிட்டு, "எங்கள் சேர்மம் சிஸ்பிளாட்டினை மிஞ்சியது" என்று எழுதினால் அந்த ஒப்பீடு நியாயமானதில்லை.

உலோகங்கள் ஈனியை எவ்வளவு இறுகப் பற்றும் என்று சொல்லும் இர்விங்-வில்லியம்ஸ் வரிசையில் மாங்கனீசிலிருந்து ஏறிவந்து உச்சத்தில் நிற்பது தாமிரம்தான். அதனால் தாமிரம் ஈனியை இறுகப் பற்றும். அதே காரணத்தால் இரத்தப் புரதமான அல்புமின், அமினோ அமிலமான ஹிஸ்டிடின் போன்றவை தாமிரத்தை ஈனியிடமிருந்து பறிக்கவும் பார்க்கும். செல்லுக்குள் உள்ள குளுட்டாதயோன் தாமிரம்(2)ஐத் தாமிரம்(1)ஆக ஒடுக்கிவிடும். அல்புமினும் குளுட்டாதயோனும் சேர்த்து ஒரு நிறமாலை எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு பகல் வேலைதான்.

படி 5: பாக்டீரியாச் சோதனை

பாக்டீரியாவை வேதியியல் ஆய்வகத்தில் வளர்க்காதீர்கள். நுண்ணுயிரியல் துறையோடு சேர்ந்து, பாதுகாப்பு அலமாரியில், ஆட்டோகிளேவ் வசதியோடு செய்யுங்கள். சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்ச் சேகரிப்பு மையத்திலிருந்து தரப்படுத்திய வகைகளை வாங்கலாம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கிருமியில் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை.

தடுப்பு வளையம் பார்ப்பதற்கு அழகு, பொருள் கொள்வதற்குக் கடினம். வளையத்தின் அளவு சேர்மத்தின் வீரியத்தை மட்டும் சொல்வதில்லை, அது அகாருக்குள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. பெரிய, நீரில் கரையாத மூலக்கூறு நகராமல் நிற்கும், அதிலிருந்து கசிந்த தாமிர அயனி ஓடிப் பரவும். ஆகவே வளையம் பார்க்கும் வட்டில் முறை முதல் பார்வைக்கு மட்டும். எண்ணுக்கு நுண்குழித் தட்டில் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைக் காணுங்கள்.

முறை இது. மேக்ஃபார்லேண்ட் 0.5 கலங்கலுக்குச் சரிசெய்த கிருமிக் கரைசல், மில்லிலிட்டருக்குச் சுமார் 10 கோடி செல். அதை நீர்க்கச் செய்து குழியில் மில்லிலிட்டருக்கு 5 லட்சமாகக் கொண்டுவாருங்கள். சேர்மத்தை மில்லிலிட்டருக்கு 256 மைக்ரோகிராமிலிருந்து பாதிபாதியாகக் குறைத்துக்கொண்டே போங்கள். 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம். டிஎம்எஸ்ஓ ஒரு விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. நிறமுள்ள சேர்மத்தில் கலங்கல் தெரியாது என்பதால் ரெசசூரின் சாயம் சேருங்கள். உயிருள்ள செல் நீலத்தை இளஞ்சிவப்பாக்கும்.

தட்டில் ஆறு வரிசைகள் கட்டாயம்: சேர்மம், ஈனி, தாமிர உப்பு, ஈனியும் உப்பும் கலந்தது, டிஎம்எஸ்ஓ மட்டும், ஒப்பீட்டு மருந்தாகச் சிப்ரோஃப்ளாக்சசின். இங்கே மோலாரில் கணக்கிடுவதை வலியுறுத்துகிறேன். மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் தாமிர-சாலெனில் தாமிரம் 303 மைக்ரோமோலார். அதே 100 மைக்ரோகிராம் காப்பர் அசிடேட்டில் 501 மைக்ரோமோலார். எடையைச் சமமாக வைத்தால் ஒப்பீடு தொடக்கத்திலேயே சாய்ந்துவிடும். 303க்கு ஈடாக உப்பை 60.5 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும்.

முல்லர்-ஹின்டன் ஊடகத்தில் கேசீன் சிதைவிலிருந்து வந்த அமினோ அமிலங்கள் நிறைய உண்டு. அவை தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும். படி 4இல் அதே ஊடகத்தில் நிறமாலை எடுக்கச் சொன்னது இதனால்தான்.

"உலோகம் சேர்ந்ததும் முனைவுத்தன்மை குறைந்து கொழுப்புச் சவ்வைக் கடக்கிறது" என்ற விளக்கம் ஏராளமான கட்டுரைகளில் அப்படியே வருகிறது. உண்மையாகவும் இருக்கலாம். ஆக்டனால்-நீர் பங்கீட்டை அளந்து காட்டிவிட்டு எழுதினால் அந்த வரிக்கு உயிர் வரும்.

படி 6: டிஎன்ஏ பிணைப்பும் செல் சோதனையும்

கன்றுத் தைமஸ் டிஎன்ஏவைத் தாங்கல் கரைசலில் கரைத்து, 260க்கும் 280 நானோமீட்டருக்கும் உறிஞ்சல் விகிதம் 1.8 முதல் 1.9 வரை வருகிறதா பாருங்கள். வந்தால் புரதக் கலப்பு இல்லை. செறிவை 260இல், நியூக்ளியோடைடுக்கு 6600 என்ற மோலார் உறிஞ்சல் மதிப்பால் கணக்கிடுங்கள். சேர்மத்தின் செறிவை மாற்றாமல் டிஎன்ஏவைச் சிறிது சிறிதாகச் சேர்க்கும்போது உறிஞ்சல் குறைந்து உச்சம் சிவப்பு நோக்கி நகர்ந்தால், அடுக்குகளுக்கு இடையே செருகிக்கொள்கிறது என்று ஐயப்படலாம். ஐயம்தான். பாகுநிலையை அளந்து, அது ஏறுகிறது என்று கண்ட பிறகே உறுதியாகச் சொல்லுங்கள். டிஎன்ஏ பிணைப்பைப் பார்க்கப் பலர் சேர்க்கும் எத்திடியம் புரோமைடு சாயம் மரபணு மாற்றம் உண்டாக்கக்கூடியது. கையுறை, தனிக் கழிவுப் புட்டி இரண்டும் இல்லாமல் எடுக்காதீர்கள்.

செல் சோதனைக்கு எம்டிடி முறை. உயிருள்ள செல் எம்டிடி என்ற மஞ்சள் உப்பை ஊதா ஃபார்மசானாக மாற்றும், 570 நானோமீட்டரில் அளக்கலாம். செல்லே இல்லாத குழியில் சேர்மத்தையும் எம்டிடியையும் மட்டும் சேர்த்துப் பாருங்கள். நிறம் வந்தால் சேர்மமே எம்டிடியை ஒடுக்குகிறது, அளவீடு முழுவதும் கெட்டுவிடும். புற்றுச் செல்லோடு ஓர் இயல்பான செல் வகையும் வைத்து, இரண்டின் பாதித் தடுப்புச் செறிவுகளையும் ஒப்பிடுங்கள். இரண்டையும் சமமாகக் கொன்றால் அதை மருந்தென்று சொல்ல முடியாது.

படி 7: கணினியில் மூலக்கூறு

தாமிர-சாலெனில் 35 அணுக்கள்தான். சாதாரண மேசைக்கணினி போதும். ஆர்கா மென்பொருள் கல்வி நிறுவனத்தினருக்கு இலவசம். அடர்த்திச் சார்புக் கோட்பாட்டில் பி3எல்ஒய்பி சார்பை எடுத்து, உலோகத்துக்கும் மற்ற அணுக்களுக்கும் தகுந்த அடிப்படைத் தொகுதிகளைக் கொடுங்கள். சிதறல் விசைத் திருத்தத்தை விடாதீர்கள்.

மின்சுமையும் சுழற்சிப் பெருக்கமும் (இணையற்ற எலக்ட்ரான்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டியது) தவறினால் மற்றதெல்லாம் வீண். எலக்ட்ரான்களை விரல்விட்டு எண்ணுங்கள்: தாமிரம் 29, கார்பன் 96, ஹைட்ரஜன் 14, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16. மொத்தம் 169, ஒற்றைப்படை. மின்சுமை சுழியம், பெருக்கம் 2. முடிந்ததும் சுழற்சி வர்க்கத்தின் சராசரி 0.75ஐ ஒட்டி இருக்கிறதா பாருங்கள். அதிர்வெண் கணக்கில் கற்பனை அதிர்வெண் ஒன்றும் வரக்கூடாது. மழைக்காலத்தில் மின்சாரம் போய்வரும், மீள்தொடக்கக் கோப்பைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

பிறகு சோதனையோடு பொருத்துங்கள். பிணைப்பு நீளம் படிகத்தோடு, கணித்த நிறமாலை நீங்கள் எடுத்த நிறமாலையோடு. இங்கே பொருந்தினால்தான் நீங்கள் வரைந்தது நீங்கள் செய்ததுதான் என்று சொல்ல முடியும். நிரம்பிய உச்ச மட்டத்துக்கும் காலியான தாழ் மட்டத்துக்கும் உள்ள இடைவெளி சிறியது, ஆகவே உயிரியல் திறன் அதிகம் என்று எழுதுகிறார்கள். அந்த எண்ணிலிருந்து கிருமி சாவதற்கு நேர்வழி ஏதும் எனக்குத் தெரிந்து இல்லை. வினைத்திறனைப் பற்றிய குறிப்பாக மட்டும் எழுதுங்கள்.

படி 8: டாக்கிங், மிகுந்த கவனத்தோடு

மூலக்கூறு ஓர் இலக்கில் எங்கே, எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்ப்பதே டாக்கிங். அதைச் செய்யும் முன் இலக்கை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று உங்களையே கேளுங்கள். டிஎன்ஏ பிணைப்பை அளந்திருந்தால் டிஎன்ஏ. எந்தப் புரதத்தின் மீதும் சோதனை செய்யாமல், மதிப்பு நன்றாக வரும்வரை புரதங்களை மாற்றிப் பார்ப்பது ஆராய்ச்சி ஆகாது.

டிஎன்ஏவுக்குப் பலரும் எடுப்பது புரதத் தரவகத்தில் 1பிஎன்ஏ என்ற குறியீடு கொண்ட அமைப்பு. அது செருகுவதற்கு இடைவெளியே இல்லாத மூடிய இரட்டைச் சுருள். எந்தத் தட்டையான மூலக்கூறைக் கொடுத்தாலும் பள்ளத்தில்தான் அமரும். செருகலைப் பார்க்க வேண்டுமானால், ஏற்கெனவே மருந்து செருகியிருக்கும் 1இசட்3எஃப் போன்ற அமைப்பை எடுத்து, மருந்தை நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். முதலில் அந்த மருந்தையே மீண்டும் உள்ளே வைத்துப் பாருங்கள். படிக நிலையிலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் உங்கள் முறை நம்பத்தக்கது.

டாக்கிங் நிரல்கள் அணுக்களுக்குக் கொடுக்கும் வழக்கமான காஸ்டைகர் மின்சுமைக்கு இடைநிலை உலோகங்களுக்கான அளவுருக்கள் இல்லை. தாமிரத்தில் சுழியம் என்று போட்டுவிட்டு நிரல் அமைதியாக ஓடும், பிழை என்று சொல்லாது. படி 7இல் கிடைத்த மின்சுமைகளை நீங்களே கோப்பில் எழுதுங்கள். உலோகம் புதிய பிணைப்பை உருவாக்குவதையும் ஈனி கழல்வதையும் வழக்கமான டாக்கிங் பார்க்காது. சிஸ்பிளாட்டினை டாக் செய்து வரும் எண் அதன் வேலையைப் பற்றி எதுவும் சொல்லாததற்குக் காரணம் இதுதான். இரண்டு சேர்மங்களுக்கிடையே மோலுக்கு அரை கிலோகலோரி வித்தியாசம் வந்தால் அவற்றைத் தரவரிசைப்படுத்தாதீர்கள், முறையின் பிழை அதைவிடப் பெரிது.

அணுக்களின் அசைவைக் கணினியில் பின்தொடரும் மூலக்கூறு இயக்கவியலுக்குப் போகிறவர்கள் ஆம்பர் கருவித்தொகுப்பில் உள்ள உலோக அளவுரு நிரலைக் கற்றுக்கொள்ளுங்கள். உலோகத்தைச் சுற்றியுள்ள விசைகளை அடர்த்திச் சார்புக் கணக்கிலிருந்து எடுக்க அது உதவும். மருந்தொப்பு விதிகளைச் சோதிக்கும் இணையதளங்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை பயன்படுத்தும் லிபின்ஸ்கியின் ஐந்து விதி கரிம மூலக்கூறுகளிலிருந்து வந்தது.

படி 9: எழுதும்போது

முதல் அட்டவணையில் சேர்மம், ஈனி, உப்பு, இரண்டின் கலவை, கரைப்பான், ஒப்பீட்டு மருந்து ஆறும் ஒரே வரிசையில், மைக்ரோமோலாரில், மூன்று முறை அளந்த பிழையெல்லையோடு வரட்டும். இரண்டாவதில் நிலைத்தன்மை நிறமாலை. கணக்கீட்டுப் பகுதியில் மென்பொருளின் பதிப்பு எண், மின்சுமை, பெருக்கம், முழு ஆயத்தொலைகள். படிக அமைப்பைக் கேம்பிரிட்ஜ் படிகத் தரவகத்தில் சேர்த்து, அந்த எண்ணைக் கொடுங்கள். சேர்மம் ஒரு கிராமாவது, தயாரித்த தேதியும் தொகுதி எண்ணும் எழுதிய குப்பியில், உலர்கலத்தில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு உங்கள் தங்கையோ தம்பியோ அதே மேசைக்கு வருவார்கள், அந்தக் குப்பியிலிருந்து எடுத்து மீண்டும் நிறமாலை எடுத்துப் பார்ப்பார்கள்.